எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி



வாரந்தோறும் ஒரு வேதபகுதியை முன்வைத்து இங்கே எழுதி வருகிறேன். இந்த வாரம் எழுதவேண்டியது ஓர் அறிக்கை. பாவ அறிக்கை என்றால் மிகை என்று சிலர் நினைக்கக்கூடும். அசட்டையின் அறிக்கை என்றாவது சொல்லவேண்டும். உங்களில் சிலருக்கு மாத்திரம் தெரிந்த காரியம் இது. மற்றவர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரு வருடமாக இதை மறைத்து வைத்திருந்தேன்.

சென்ற வருடம் தீபாவளிக்கு மூன்று வாரங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை இரவு, 2020 ஊரடங்கின்போது ஆராதனையை நேரலையில் அனுப்புவதற்காக நான் தொடங்கிய சமூக வலைதளக் கணக்கிற்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். காலையில் நான் திறக்கப் போனால் திறக்கவில்லை. கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. அதற்குள் என் பெயரில், அங்கி அணிந்த என் படத்துடன், சபையாரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்தி போயிருந்தது. நான் மருத்துவமனையில் இருக்கிறேன், பேசமுடியாத நிலை, இந்த எண்ணுக்கு உடனே பணம் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை தந்துவிடுகிறேன் என்று. முடிவில் ஆசீர்வாதமும் கூறியிருந்தான். என் பழைய செய்திகளை வாசித்து, நான் எப்படித் தொடங்குவேன், எப்படி முடிப்பேன் என்பதைக் கற்றுக்கொண்டு எழுதியிருக்கிறான்.

அநேகர் உடனே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். சிலர் பதறிக்கொண்டு வீட்டிற்கே வந்து, நான் முற்றத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். ஒருவர் மட்டும் அழைக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்ந்த, கணவரை இழந்த ஒரு தாயார். ஆராதனை பார்ப்பதற்கென்று பேரன்தான் அந்தக் கணக்கை அவர்களுக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தான். பேரனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கென எடுத்து வைத்திருந்த எட்டாயிரம் ரூபாயை, அவன் கையாலேயே அனுப்பச் செய்துவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னருகே வந்து, உடம்பு தேவலையா என்று கேட்டார்கள். பணத்தைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாக விசாரித்த பிறகே விஷயம் வெளியே வந்தது. "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே அம்மா" என்றேன். "பேச முடியலைன்னு போட்டிருந்துச்சே ஐயா. பேச முடியாதவுகளுக்குப் போன் போட்டா தொந்தரவுதானே" என்றார்கள்.

இணையவழி மோசடிக்கென உள்ள 1930 என்ற எண்ணை அன்று மாலையே அழைத்தோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்திருந்தால், அது கைமாறுவதற்கு முன் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அழைத்ததோ மூன்று நாள் கழித்து. நான் கொடுத்த பணத்தை அந்தத் தாயார் வாங்க மறுத்தார்கள். பேரனின் கல்லூரியில் நானே நேராகச் சென்று கட்டிவிட்டு வந்தேன். அதனால் என் மனம் ஆறவில்லை. அந்த இரவில் களவு போனது என்னுடைய உடைமை எதுவும் அல்ல. இருபத்தெட்டு வருட ஊழியத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கிற நம்பிக்கையைத்தான் அவன் எடுத்துக்கொண்டுபோய்ச் செலவழித்தான். அதற்கான பூட்டு என் கையில் இருந்தது. அதை நான் சரியாகப் பூட்டவில்லை.

அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இப்போது அது எங்கும் புழக்கத்தில் இல்லை. நம் ஆலயத்தின் பெயர். அதோடு ஆலயம் கட்டப்பட்ட வருடம். வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறது. வருடந்தோறும் சிவகாசியில் அச்சாகி, உங்கள் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் தொங்குகிற நம் சபை நாட்காட்டியிலும் இருக்கிறது. மின்னஞ்சல், வங்கி, ரயில் முன்பதிவு, மின்கட்டணம், புத்தகம் வாங்கும் தளம், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே.

ஆனால் திருடன் நம் நாட்காட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. அவன் திருத்தங்கல் பக்கம் வந்தவனே அல்ல. பல வருடங்களுக்கு முன் நான் ஒரே ஒருமுறை பொருள் வாங்கிய ஏதோ ஒரு தளத்தின் பதிவேடு களவு போயிருக்கிறது. என் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் அதில் இருந்திருக்கின்றன. இப்படிக் களவுபோன பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே முகவரியையும் அதே சொல்லையும் வேறு நூறு தளங்களில் இயந்திரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார்களாம். எங்கே திறக்கிறதோ அங்கே நுழைவார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் என்பவர் 2013-இல் தொடங்கிய ஒரு தளத்தில் நம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தக் களவில் அகப்பட்டிருக்கிறது என்று காட்டும். என்னுடையது மூன்றில் இருந்தது.

இதை எனக்கு விளக்கியவர் பட்டாசு ஆபீசில் போர்மேனாக இருக்கும் நம் சபைச் சகோதரர் ஒருவர். கணினி அவருக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் கணினி படிக்கும் அவருடைய மகள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று குறுக்கிட்டார். "ஐயா, எங்க ஆபீஸைப் பாத்திருக்கீகள்ல? ஒரு பெரிய கட்டடமாக் கட்டினா எங்களுக்கும் செலவு கம்மிதான். ஏன் சின்னச் சின்ன அறையா, தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கோம்?"

நம் பகுதியில் சிறுபிள்ளைக்கும் இதற்கு விடை தெரியும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யலாகாது. ஓர் அறையில் வைக்கத்தக்க மருந்துக்கு அளவு உண்டு. அறைக்கும் அறைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்று சட்டம் இருக்கிறது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது ஓர் அறையில் உராய்வு நேரிடும் என்று ஒத்துக்கொண்டுதான் அந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். அந்த நாளில் ஒன்றோடு போகட்டும், அடுத்ததற்குப் பரவாதிருக்கட்டும் என்பதே ஏற்பாடு. அந்த விதிகள் மீறப்பட்ட இடங்களிலிருந்து வந்த சவப்பெட்டிகளுக்கு முன் நின்று ஜெபித்திருக்கிறேன். ஆகவே இந்த ஒப்புமையை இலேசாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் அந்தச் சகோதரர் சொன்ன அந்த நிமிடத்தில்தான், நான் செய்து வைத்திருந்தது என்னவென்று விளங்கிற்று. என் வாழ்வின் எல்லா அறைகளையும் ஒரே கூரையின் கீழ், சுவரே இல்லாமல் கட்டியிருந்தேன்.

சரி, ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு சொல் வைப்பது என்று தீர்மானித்தோம். எண்ணிப் பார்த்ததில் எனக்கும் சபைக்குமாக ஐம்பத்திமூன்று கணக்குகள் இருந்தன. ஐம்பத்திமூன்று சொற்களை, அதுவும் பொருளற்ற எழுத்துக்கூட்டங்களை, இந்த வயதில் நான் எங்கே மனனம் செய்வேன்? இறையியல் கல்லூரியில் எபிரேய வினைத்திரிபுகளை மனனம் செய்யவே பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

கணினிக்குக் கடவுச்சொல் என்பதை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கொண்டுவந்த பெர்னாண்டோ கார்பட்டோ என்ற அறிஞரே, தம் முதுமையில், இது சமாளிக்கமுடியாத தொல்லையாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். அவரிடமே மூன்று பக்க நிறையக் கடவுச்சொற்கள் எழுதப்பட்டு இருந்தனவாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் சேர் என்று நம்மை வதைத்த விதிகளுக்கு ஊற்றாக இருந்தது 2003-இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றுக்காக பில் பர் என்பவர் எழுதிய ஆவணம். 2017-இல் அவரும், தாம் சொன்னவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொல்லிவிட்டார். விதிகளும் அதே வருடம் மாற்றி எழுதப்பட்டன. வங்கிக் கடவுச்சொல்லின் வாலில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டே போன என்னைப் போன்றவர்களுக்கு இது தாமதமாக வந்த நற்செய்தி.

கடவுச்சொல் மேலாளர், அதாவது பாஸ்வேர்ட் மேனேஜர் என்று பிள்ளைகள் சொல்வது, ஒரு பெட்டகம். எல்லாச் சொற்களையும் அது வைத்துக்கொள்ளும். புதிய சொற்களை அதுவே உண்டாக்கும். நமக்குத் தெரியவேண்டியது பெட்டகத்தின் சாவியாகிய ஒரே ஒரு தாய்ச்சொல். உள்ளே இருப்பவை அந்தத் தாய்ச்சொல்லைக் கொண்டு நம் கைப்பேசியிலேயே மறைகுறியாக்கப்பட்டு, அதன் பிறகே நிறுவனத்தின் கணினிக்குப் போகின்றன. ஆகவே நிறுவனத்தாருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. தாய்ச்சொல்லை நாம் மறந்துவிட்டால் அவர்களாலும் திறந்துதர இயலாது. இந்தக் கடைசிக் காரியம்தான் முதலில் எனக்கு அச்சம் தந்தது. இப்போது அதையே அதன் உத்தமத்துக்கு அடையாளமாக எண்ணுகிறேன்.

எதைத் தெரிந்துகொள்வது? 2016-இல் வெளிவந்த பிட்வார்டன் இலவசமாகவே கிடைக்கிறது. நான் அதைத்தான் எடுத்தேன். எதையும் வெளியே அனுப்ப விரும்பாதவர்களுக்கு, ஜெர்மானியரான டொமினிக் ரைக்ல் 2003 முதல் உருவாக்கிவரும் கீபாஸ் இருக்கிறது. அது நம் கணினியிலேயே தங்கும். இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுளும் ஐபோனில் ஆப்பிளும் வைத்திருக்கும் பெட்டகமே போதும். ஒன்றுமில்லாததைவிட அது எத்தனையோ மேல். இவற்றில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். லாஸ்ட்பாஸ் என்ற பெயர்பெற்ற நிறுவனத்திலிருந்து 2022-இல் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களையே நகலெடுத்துக்கொண்டு போனார்கள். மறைகுறியாக்கப்பட்ட நிலையில்தான் போயின. நீண்ட தாய்ச்சொல் வைத்தவர்களுக்குக் காவல் இருந்தது. எளிதானதை வைத்தவர்கள்தான் நடுங்கவேண்டியதாயிற்று.

ஆகவே தாய்ச்சொல்லைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுதுகிறேன், ஏனெனில் நாம் எல்லாரும் தடுக்கி விழப்போவது இங்கேதான். எனக்கு உடனே தோன்றியது ஒரு வேதவசனம். நீளமாக இருக்கும், மறக்காது, நாளெல்லாம் நினைவிலும் நிற்கும் அல்லவா? போர்மேனின் மகள் சிரித்துவிட்டாள். 2013-லேயே ஆய்வாளர்கள் வேதாகமத்தின் சொற்றொடர்களை அப்படியே இயந்திரத்துக்கு ஊட்டி, நீளமான கடவுச்சொற்களை உடைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்றாள். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் அப்படியே வெளியாயின. பட்டியலின் தலைமாட்டில் 123456 நின்றது. நம் ஆண்டவரின் பெயரையே வைத்தவர்களும் அதில் ஏராளம். பக்தியுள்ளவர்கள் எதைத் தெரிந்தெடுப்பார்கள் என்று திருடனுக்கு நன்றாகத் தெரியும். சினிமாப் பாட்டின் முதலடியும், பிள்ளைகளின் பெயர்களும் அப்படியே.

வேண்டியது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து சொற்கள். அவற்றையும் நாமாக யோசித்துத் தெரிந்தெடுக்கலாகாது. ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995-இல் ஒரு முறை சொன்னார்: 7,776 சொற்களின் பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் பகடையை ஐந்துமுறை உருட்டி, விழும் எண்ணுக்குரிய சொல்லை எடுத்துக்கொள். நான்கு சொல் எடுத்தாலே 3,600 லட்சம் கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. ஐந்தாவதையும் சேர்த்தால் அது இன்னும் 7,776 மடங்காகும். பகடை உருட்டும் போதகரை யாரேனும் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணி, நான் என் தகப்பனாரின் பழைய அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடங்களில் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுத்தேன். பகடை அளவுக்கு அது நேர்மையான குலுக்கல் அல்லவென்று அந்தப் பெண் சொன்னாள். அகராதி பெரிது, போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த ஐந்து தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்துகளில் தட்டுகிறேன். முதல் வாரம் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் தட்டித் தட்டிப் பழகினேன். எட்டாம் நாள் தாள் தேவைப்படவில்லை. அந்தத் தாளை உறையிலிட்டு, ஒட்டி, குறுக்கே கையெழுத்திட்டு, அலமாரியில் வைத்து என் மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பிறகு வேலை மெதுவாக நடந்தது. முதலில் மின்னஞ்சல், ஏனெனில் மற்ற எல்லாக் கணக்குகளிலும் "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால் புதிய சாவி வந்து சேருமிடம் அதுதான். அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் வைத்தேன். அதன் பிறகு வங்கியும் சபையின் கணக்குகளும். மற்றவற்றை, எப்போது எதைத் திறக்க நேர்ந்ததோ அப்போது மாற்றினேன். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று. ஒரே இரவில் எல்லாம் முடிக்கப் புறப்பட்டிருந்தால் பாதியில் விட்டிருப்பேன். பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண்ணையும் ஏ.டி.எம். எண்ணையும் மட்டும் பெட்டகத்தில் வைக்கவில்லை. அவை என் தலைக்குள் இருக்கின்றன.

நான் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. வங்கியைப் போலவே தோற்றம் காட்டும் போலித் தளத்தில், ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பெட்டகம் சொல்லைத் தர முன்வராது. நம் கண்ணுக்குத் தப்பும் வேறுபாடு அதற்குத் தப்பாது. நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். யோர்தான் துறைகளைப் பிடித்துக்கொண்ட கீலேயாத்தியர், கடக்க வந்தவனை ஷிபோலேத் என்று சொல்லச் சொன்னார்கள்; எப்பிராயீமியன் சிபோலேத் என்றான். ஓர் ஒலியில் பிடிபட்டு 42,000 பேர் மடிந்தார்கள். சகோதரர்கள் சகோதரர்களைக் கொன்ற அந்தப் பகுதியை நான் ஒருநாளும் பிரசங்கித்ததில்லை. கைப்பேசித் திரையில் பெட்டகம் பேசாமல் நின்றபோது, முதன்முறையாக அந்தத் துறைமுகக் காவலர்களின் செவியை நினைத்துக்கொண்டேன்.

முதியவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியில் இதெல்லாம் கூடாதவர்கள், கடவுச்சொற்களை ஒரு டைரியில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் போதும். டைரி அச்சடிப்பதில் நம் ஊருக்கு யாரும் ஈடில்லை. இணையத் திருடனின் கை உங்கள் அலமாரி வரை நீளாது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் மட்டும் வேண்டாம்.

நம் முந்தைய பொருளாளர் 2021-இல் இரண்டாம் அலையில் நம்மைவிட்டுப் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். சபையின் மின்னஞ்சல் கடவுச்சொல் அவரோடு போயிற்று. அடக்கம் முடிந்த இரண்டாம் வாரம், தணிக்கைக்காக வேண்டியிருக்கிறது என்று அவருடைய மனைவியிடம் நாங்கள் போய் நின்றோம். அந்த அம்மையார் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள், திருமண நாளைத் தட்டினார்கள், கணக்கு பூட்டிக்கொண்டது. துக்க வீட்டில் ஒரு விதவையை அப்படி உட்காரவைத்தோமே என்று இன்றும் எனக்கு வெட்கம். இப்போது சபையின் கணக்குகளுக்குத் தனிப் பெட்டகம் இருக்கிறது. பொருளாளரும் செயலரும் நானும் அதைத் திறக்க முடியும். அதன் தாய்ச்சொல் முத்திரையிட்ட உறையில் ஆலயத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நான் மாற்றலாகிப் போனாலும், இன்னும் தூரமாகப் போனாலும், யாரும் என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்கவேண்டியதில்லை.

வரும் சனிக்கிழமை மாலை வாலிபர் கூட்டத்துக்குப் பின் ஞாயிறு பள்ளி அறையில் போர்மேனின் மகளும் நானும் இருப்போம். கைப்பேசியைக் கொண்டுவாருங்கள். கண்ணாடியை மறக்கவேண்டாம். உங்கள் கடவுச்சொல்லை மட்டும் என்னிடமும் சொல்லாதீர்கள்.

எட்டாயிரம் ரூபாய் இழந்த தாயாரிடம், இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அனுமதி கேட்டேன். எழுதுங்கள் ஐயா, பேரை மட்டும் போடாதீங்க என்றார்கள். சென்ற வாரம் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாழைக்குலை தரமுடியுமா என்று அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் தொலைபேசி ஒலித்தது. "ஐயாதானா?" என்றார்கள். ஆம் என்றேன். "எம் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தன்னைக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க பாப்போம்" என்றார்கள். மழை பெய்து கூரை ஒழுகியதையும், என் குடை பறந்து கிணற்றில் விழுந்ததையும் சொன்னேன். மூன்று குலையாகவே அனுப்பி வைத்தார்கள்.